துப்பாக்கின்னா முகம் சுளிக்கிறீங்க, அவுட்டுக்காய்னா என்னன்னே தெரியாதுங்கிறீங்க

சென்னையில கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற நண்பர் ஒருத்தர் போன மாசம் ஊருக்கு வந்திருந்தார். என் மேசை மேல கிடந்த விரல் நீளப் பித்தளைக் குழலை எடுத்துப் பார்த்துட்டு, "என்னங்க இது, பழைய விசிலா?"ன்னு கேட்டார். நாட்டுத் துப்பாக்கிக்கு மருந்து அளக்கிற குழல்னு சொன்னேன். சூடு பட்ட மாதிரி சட்டுனு கீழே வச்சிட்டார். அப்புறம் ராத்திரிச் சாப்பாடு முடியிற வரைக்கும் எனக்குப் பாடம்தான். விவசாயி கையில எதுக்குத் துப்பாக்கி, வாயில்லா ஜீவன் பாவமில்லையா, காட்டை நீங்க பிடிச்சுக்கிட்டு பன்னியைக் குத்தம் சொல்லலாமா. நடுவுல கடலைச் சட்னியை மட்டும் ரெண்டு தடவை கேட்டு வாங்கிப் போட்டுக்கிட்டார். அந்தக் கடலைக்கு யார் பரண் மேல கண் விழிச்சாங்கன்னு அவருக்குத் தோணல.

விருந்தாளிகிட்ட வாதம் பண்ணக்கூடாதுங்கிறது எங்கம்மா வளர்ப்பு. அதனால அவருக்கும் அவரை மாதிரி மத்தவங்களுக்கும் சேர்த்து இங்க எழுதறேன்.

அது எங்கப்பாவோட குழல். அப்பாகிட்ட லைசென்ஸ் வாங்கின ஒத்தைக் குழல் நாட்டுத் துப்பாக்கி இருந்தது. வாய்ப் பக்கமா கருமருந்தைப் போட்டு, தேங்காய் நார் உருண்டையைத் திணிச்சு, கம்பியால இடிச்சு, பின்னாடி இருக்கிற மூக்குல கேப்பு வச்சுச் சுடற வகை. தொண்ணூறு வாட்டி சுட்டா எண்பத்தஞ்சு வாட்டி வெறும் சத்தம்தான். குண்டே போட மாட்டார். மருந்தும் நாரும் மட்டும். பன்னிக் கூட்டம் கொல்லையை விட்டு ஓடினாப் போதும் அவருக்கு.

அந்த அளவுக்குழலைத் தொடாம அவர் ஒரு நாளும் மருந்து போட்டது கிடையாது. டப்பாவிலிருந்து நேரா துப்பாக்கி வாயில கொட்டறவனைப் பார்த்தா கெட்ட வார்த்தையே வந்துடும் அவருக்கு. அளவு கூடக் குறையப் போயிடும்னுதான் சின்ன வயசுல நான் நினைச்சேன். காரணம் அது மட்டும் இல்ல. ஒரு தடவை சுட்ட பிறகு குழலுக்குள்ள நார்த்துணுக்கு ஏதாவது கனிஞ்சுக்கிட்டே கிடக்கலாம். அந்த நேரம் பார்த்து மருந்து விழுந்தா பத்திக்கும். அளவுக்குழல்ல இருந்து விழுந்தா, பத்தறது அந்த ஒரு குழல் மருந்துதான். கை வெந்துபோகும், உயிர் தங்கும். டப்பாவையே கவுத்துப் பிடிச்சிருந்தா நெருப்பு டப்பாவுக்குள்ள ஏறும், அப்புறம் கையும் இல்ல முகமும் இல்ல. குழல் பித்தளையில இருக்கிறதுக்கும் காரணம் உண்டு. இரும்போட இரும்பு உரசினா பொறி வரும், பித்தளையில அந்தப் பயம் இல்ல.

டெக்சாஸ்ல என் அக்கா மகன் இருக்கான். குறி பார்த்துச் சுடறது அவனுக்குப் பொழுதுபோக்கு, சுட்ட தோட்டாக்களை வீட்டுக் காரேஜ்லயே திரும்ப நிரப்பிக்கிறான். சொந்த உபயோகத்துக்கு நிரப்பிக்க அங்க மத்திய அரசோட லைசென்ஸ் தேவையில்லை, வித்தாத்தான் தேவை. போன்ல தன்னோட மேசையைக் காட்டினான். தோட்டா அடியில பிரைமர்னு ஒரு குட்டிக் கேப்பு உட்காரணும். மேசையில பொருத்தின கருவியில அந்த வேலை வேகமா முடியும், ஆனாலும் கையில பிடிச்சு அமுக்கற கருவிதான் அவனுக்குப் பிடிக்குதாம், பிரைமர் முழுசா உட்கார்ந்துச்சா இல்லையான்னு விரலுக்கே தெரியுமாம். மருந்து போட, கைப்பிடியைச் சுத்தினா ஒரே அளவு விழற மாதிரி உருளை வச்ச கருவி. அதையும் நம்பாம நடு நடுவுல தராசுல நிறுத்துப் பார்க்கிறான். குண்டு வைக்கிறதுக்கு முன்னால எல்லாத் தோட்டாவையும் தட்டுல நிறுத்தி விளக்கடியில எட்டிப் பார்க்கிறான், எதுலயாவது ரெண்டு அளவு விழுந்துடுச்சான்னு. பார்த்ததும் எனக்கு அப்பா ஞாபகம்தான் வந்தது. ஏரோட்டினவருக்கும் இன்ஜினியருக்கும் புத்தி ஒரே மாதிரி வேலை செஞ்சிருக்கு.

"மாமா, அளவைக் கூட்டிக் குறைச்சுக்கிற மாதிரி நல்ல குழல் ஒண்ணு அனுப்பட்டுமா?"ன்னான். வேண்டாம்ப்பான்னுட்டேன். பகல்ல, மேசை மேல, கண்ணாடி போட்டுக்கிட்டு அளக்கிறவனுக்கு அது சரி. எங்களுக்கு வேலை ராத்திரி ரெண்டு மணிக்கு, பனியில, நெத்தி விளக்கு வெளிச்சத்துல. அந்த நேரத்துல திருகு லூசாகி அளவு நகர்ந்திருந்தா யாருக்குத் தெரியும்? ஒரே அளவுக்குன்னு வெட்டின குழல்தான் பரணுக்கு ஏத்தது. கேப்பு வைக்கவும் வரிசையா கேப்பு அடுக்கி ஒவ்வொண்ணா மூக்குல அழுத்தற பித்தளைப் பட்டை ஒண்ணு அப்பா வச்சிருந்தார். குளிர்ல விறைச்ச விரல் கேப்பைக் கீழே விட்டுடும். எல்லாம் முடிஞ்சு, துப்பாக்கி வாய் கொல்லைப் பக்கம் திரும்பின பிறகுதான் கேப்பு. இடிக்கிற கம்பியில ஒரு கோடு வேற கீறி வச்சிருந்தார், உள்ள விட்டுப் பார்த்தாலே ஏற்கெனவே மருந்து போட்டிருக்கா இல்லையான்னு தெரிஞ்சுடும். அவன் எடுக்கிற தோட்டா மருந்து இருக்கே, புகையில்லா மருந்து, அதை நாட்டுத் துப்பாக்கியில போட்டா குழல் வெடிச்சு முகத்துல அடிக்கும். அதையும் இங்க சொல்லி வைக்கிறேன், யாருக்காவது ஆகட்டும்.

நம்ம ஊர் ஆளுங்களையும் திட்டணும். உள்ளங்கையில மருந்தைக் கொட்டி கண்ணளவுல போடறவன், பாட்டில் மூடியில அளக்கிறவன், "எங்க தாத்தா காலத்துலேர்ந்து இப்படித்தான்"னு சொல்றவன் எல்லாம் எங்க பக்கம் உண்டு. அந்தத் தாத்தாக்களில் ஒருத்தருக்கு ரெண்டு விரல் கிடையாது, அதை மட்டும் சொல்ல மாட்டாங்க. லைசென்ஸ் இல்லாம ஒளிச்சு வச்சிருக்கிறவங்களும் இருக்காங்க. ஒளிச்சு வச்சவன் நல்ல மருந்து, நல்ல கேப்பு எங்க போய்க் கேட்பான்? யார்கிட்ட கத்துக்குவான்?

இப்ப சட்டத்துக்கு வரேன். 1959-ம் வருஷத்து ஆயுதச் சட்டம், 13-வது பிரிவு, 3-வது உட்பிரிவு. பயிர்ப் பாதுகாப்புக்குன்னு உண்மையா கேட்கிற இந்தியக் குடிமகனுக்கு, வாய்வழி மருந்து இடிக்கிற துப்பாக்கிக்கு அதிகாரி லைசென்ஸ் கொடுக்கணும்னு இருக்கு. கொடுத்தாலும் கொடுக்கலாம்னு இல்ல. மறுக்க வேண்டிய காரணங்களை அடுத்த பிரிவுல தனியா எழுதியிருக்காங்க, அதுல ஏதாவது எனக்குப் பொருந்தினா மறுக்கட்டும். 2016-ம் வருஷ விதிகள்ல, லைசென்ஸ்காரர் செத்துப்போனா வாரிசு விண்ணப்பிக்கலாம்னும் தெளிவா இருக்கு.

எங்க கதை இது. 2019 நாடாளுமன்றத் தேர்தல் வந்தது. வழக்கம்போல துப்பாக்கியைக் கொண்டுபோய் ஒப்படைச்சாச்சு. திரும்ப வாங்கறதுக்குள்ள அப்பா தவறிட்டார். வாரிசுன்னு நான் விண்ணப்பம் போட்டேன். அன்னையிலேர்ந்து ஒரு அலுவலகம் இன்னொரு அலுவலகத்துக்கு எழுதுது, அவங்க அறிக்கை வரலைங்கிறாங்க, அறிக்கை வந்தா ஆள் மாறிட்டாருங்கிறாங்க. மறுத்து ஒரு உத்தரவு கொடுங்க, அப்பீலுக்காவது போறேன்னு கேட்டேன். அதுவும் இல்ல. கொடுக்கவும் மாட்டேன், மறுக்கவும் மாட்டேன். துப்பாக்கி எங்கயோ ஒரு மூலையில துரு ஏறிக்கிட்டிருக்கு. கருமருந்துச் சாம்பல் ஈரத்தை இழுக்கும், சுடுதண்ணி விட்டுக் கழுவி எண்ணெய் போடலைன்னா குழல் அரிச்சுப் போகும். யார் கழுவப் போறா? குழல் மட்டும் என் மேசை மேல.

துப்பாக்கிச் சத்தம் நின்னா பன்னி நிக்குமா? நிக்கல. ஒரே ராத்திரியில அரை ஏக்கர் கடலையை உழுத மாதிரி புரட்டிப் போட்டுட்டுப் போச்சு. அதுக்கப்புறம்தான் எங்க பக்கம் அவுட்டுக்காய் கூடிச்சு. தெரியாதவங்களுக்குச் சொல்றேன். தீனிக்குள்ள வெடியை மறைச்சு வைக்கிறது. பன்னி கடிச்சா வாய் சிதறும். அதை வைக்கிறவன்கிட்ட லைசென்ஸ் கிடையாது, அளவு கிடையாது, குறி கிடையாது. யார் கடிக்கிறாங்கன்னு பார்க்க ஆளும் கிடையாது. வச்சுட்டு வீட்ல போய்ப் படுத்துக்குவான்.

மூணு வருஷத்துக்கு முன்னால எங்க செவலைப் பசு அதைக் கடிச்சிடுச்சு. தாடை தொங்கிப்போச்சு. தண்ணி குடிக்க வந்து தொட்டியில மூக்கை வச்சது, குடிக்க முடியல, திரும்பத் திரும்ப வச்சது. டாக்டர் வந்து பார்த்துட்டு ஊசி போட்டுட்டுப் போனார், சாயங்காலம் அடங்கிடுச்சு. வச்சது யார்னு எனக்குத் தெரியும். அவனுக்கும் ஒன்றரை ஏக்கர்தான், அவன் மரவள்ளியும் போச்சு. போய்ச் சண்டை போட்டேன். "உங்கப்பா ராத்திரி ராத்திரி வெடிச்சிட்டிருந்த வரைக்கும் நான் இதைத் தொட்டேனாண்ணா?"ன்னான். பதில் வரல எனக்கு.

2020 மே மாசம் பாலக்காட்டுப் பக்கம் சினை யானை ஒண்ணு வெடி வச்ச காயைக் கடிச்சு, ஆத்துத் தண்ணியில நின்னபடியே செத்துச்சே, அப்ப நீங்க எல்லாரும் அழுதீங்க. நானும் அழுதேன். அந்த வெடி காட்டுப்பன்னிக்காக வச்சதுன்னுதான் சொன்னாங்க. அந்தப் படத்தைப் போட்டு "மனுஷனே இல்ல"ன்னு எழுதின அதே ஆளுங்கதான் பயிர்த் துப்பாக்கின்னா பதறுறாங்க. எதிர்ல நிக்கிறது யானையா பசுவான்னு பார்த்துச் சுடாம இருக்கத் துப்பாக்கி பிடிச்சவனால முடியும். அவுட்டுக்காயால முடியாது. திருட்டுக் கரண்டு வேலியாலயும் முடியாது.

லைசென்ஸ் இருந்தா பன்னியைச் சுட்டுத் தள்ளலாம்னு நான் சொல்லல. வனவிலங்குச் சட்டம் இருக்கு, 2022 திருத்தத்துல காட்டுப்பன்னி இரண்டாம் அட்டவணைக்குப் போயிடுச்சு. அனுமதியில்லாம சுட்டா குத்தம்தான், அது எனக்குத் தெரியும். கேரளாவுல 2022-லயே அந்த அனுமதி கொடுக்கிற அதிகாரத்தைப் பஞ்சாயத்துத் தலைவர் வரைக்கும் இறக்கினாங்க, லைசென்ஸ் துப்பாக்கி வச்சிருக்கிறவங்களைக் கூப்பிட்டுச் சுடச் சொன்னாங்க. நம்ம மாநிலத்துல 2025 ஜனவரியில சட்டசபையில அறிவிச்சது வேற மாதிரி. காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள்ள சுடக்கூடாது, 1 முதல் 3 வரைக்கும் பிடிச்சுக் காட்டுல விடணும், 3-க்கு அப்பால வனத்துறையில பயிற்சி எடுத்தவங்க சுடலாம். எங்க கொல்லை ரெண்டாவது கணக்குல வருது. பன்னிக்குக் கிலோமீட்டர் தெரியாது, அது வேற விஷயம். நான் கேட்கிறது சத்தம் போட ஒரு துப்பாக்கி. சட்டமே கொடுக்கச் சொன்னது. கூடவே ஒரு நாள் பயிற்சி வையுங்க, அளவுக்குழல் இல்லாதவனுக்கு லைசென்ஸ் இல்லைன்னுகூட எழுதுங்க, கையெழுத்துப் போடறேன்.

"பட்டாசு வெடிங்களேன்"னு நண்பர் சொன்னார். வெடிச்சிருக்கோம் சார். பனியில திரி நமுத்துப் போகும். காய்ஞ்ச சோளத்தட்டுல பொறி விழுந்தா பயிரே போகும். பத்து நாள்ல பன்னி பழகிடும். துப்பாக்கிக்கும் கொஞ்சம் பழகத்தான் செய்யும், பொய் சொல்லல. ஆனா நெஞ்சுல இடிக்கிற அந்தச் சத்தத்துக்கு இருபது நாளாவது பக்கம் வராது. கடலை பறிக்கிற கடைசி இருபது நாள்தான் எங்களுக்கு முக்கியம்.

இப்ப கடலை காய் பிடிச்சிருக்கு. ராத்திரி நானும் பையனும் மாத்தி மாத்தி தகரம் தட்டறோம். செவ்வாய்க்கிழமை மறுபடியும் அலுவலகம் போகணும், அப்பாவோட இறப்புச் சான்றிதழ் நகல் இன்னொண்ணு வேணும்னு கேட்டிருக்காங்க. ஏற்கெனவே நாலு கொடுத்தாச்சு.