பல் பிடுங்கிய இடம் ஆறவில்லையா?



ஈறு வீங்கினால் உப்புத் தண்ணீரில் கொப்பளிப்போம், கிராம்பை அடக்கிக்கொள்வோம், மருந்துக் கடையில் இரண்டு மாத்திரை வாங்குவோம். படூர், கேளம்பாக்கம், திருப்போரூர் என்று நம் பழைய மாமல்லபுரம் சாலை நெடுகப் பல் கிளினிக்குகளுக்கும் குறைவில்லை. வலி தாங்காவிட்டால் பல்லைப் பிடுங்கிக்கொண்டு வருவோம். பெரும்பாலும் அதோடு சரியாகிவிடும். சரியாகாத மிகச் சிலரைப் பற்றித்தான் இந்த மாதம் உங்களோடு பேச விரும்புகிறேன்.

பிளாஸ்மாபிளாஸ்டிக் லிம்போமா என்று ஒரு நோய் இருக்கிறது. நிணநீர்ப் புற்றுநோய்களில் மிக அரிதானது, மிக வேகமாக வளர்வது. டெலெக்ளூஸ் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 1997இல் இதைத் தனி நோயாக விவரித்தார்கள். அவர்கள் கண்ட 16 நோயாளிகளுக்கும் கட்டி வாய்க்குள் இருந்தது; அவர்களில் 15 பேருக்கு எச்.ஐ.வி. இருந்தது. குடல், தோல், நிணநீர்க் கணு போன்ற இடங்களிலும் இது வரலாம் என்பது பிறகு தெரிந்தது. உறுப்பு மாற்று அறுவை செய்துகொண்டு எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மருந்து சாப்பிடுகிறவர்களுக்கும், சில முதியவர்களுக்கும்கூட வருகிறது.

ஏன் இவர்களுக்கு? எப்ஸ்டீன்-பார் என்ற வைரஸ் உலகில் வயது வந்தோரில் 100க்கு 90 பேருக்கு மேல் உடலில் இருக்கிறது. பெரும்பாலும் சிறு வயதிலேயே எச்சில் வழியாக வந்து, ரத்த வெள்ளையணுக்களில் ஒரு வகையான பி செல்களுக்குள் ஆயுள் முழுக்கத் தங்கிவிடுகிறது. எதிர்ப்பு சக்தி திடமாக இருக்கும்வரை அதனால் பெரும்பாலும் ஒன்றும் செய்ய முடிவதில்லை. எச்.ஐ.வி. அந்தச் சக்தியைக் குலைத்துவிட்டால், இந்த வைரஸ் புகுந்த செல்கள் கட்டுக்கு அடங்காமல் பெருக வழி கிடைக்கிறது. இந்தப் புற்றுநோய் வந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோரின் கட்டிகளில் அந்த வைரஸ் காணப்படுகிறது. ஆனால் இந்தப் புற்றுநோய் தொட்டால் ஒட்டுவதில்லை. ஒரே தட்டில் சாப்பிட்டாலும் பரவுவதில்லை.

சிகிச்சை எளிதல்ல. பல லிம்போமாக்களுக்குக் கைகொடுக்கும் ரிட்டுக்ஸிமாப் என்ற மருந்து, செல்லின் மேல் சிடி20 என்ற புரதத்தைத் தேடிப் பிடித்து வேலை செய்வது. இந்தக் கட்டியின் செல்களில் பெரும்பாலும் அது இருப்பதில்லை. அதனால் சதைப் பரிசோதனையில் சிறப்புச் சோதனைகளும் செய்து நோயின் வகையைச் சரியாகக் கண்டுபிடிப்பது முக்கியம். பிறகு கடுமையான கீமோதெரபி. அதில் ஒரு வகைச் சிகிச்சை முறையில் 96 மணி நேரம் விடாமல் மருந்து ஏறும். எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்தும் கூடவே தொடர வேண்டும். இத்தனை செய்தும் பலரைக் காப்பாற்ற முடிவதில்லை என்பதை உங்களிடம் மறைக்கக் கூடாது. முழுக் குணம் பெற்றுப் பல ஆண்டுகள் வாழ்கிறவர்களும் இருக்கிறார்கள். சீக்கிரம் கண்டுபிடித்தால் அந்த வாய்ப்பு கூடுகிறது.

இங்கேதான் கூச்சம் குறுக்கே நிற்கிறது. ஆறாத புண்ணை மருத்துவரிடம் காட்டினால் எச்.ஐ.வி. பரிசோதனை எடுக்கச் சொல்வாரோ, ஊர் என்ன பேசுமோ என்று வாரக்கணக்கில் தள்ளிப்போடுகிறோம். இந்த நோய் அப்படிக் காத்திருப்பதில்லை.

கூச்சத்தை மீறிப் பரிசோதித்த வரலாறு நம் தமிழ்நாட்டுக்கு உண்டு. 1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனின் வழிகாட்டலில் மாணவி செல்லப்பன் நிர்மலா திரட்டிய ரத்த மாதிரிகளை வேலூர் சி.எம்.சி.யில் சோதித்தபோதுதான், இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது முதன்முதலில் தெரியவந்தது. அடுத்து நம் மாவட்டத்துத் தாம்பரம் சானடோரியம். காசநோயாளிகளுக்காக 1928இல் தொடங்கிய அந்த மருத்துவமனை, மற்ற இடங்களில் ஒதுக்கப்பட்ட எச்.ஐ.வி. நோயாளிகளைச் சேர்த்துக்கொண்டது. 2004 ஏப்ரல் 1ஆம் தேதி நாட்டில் இலவசக் கூட்டு மருந்து சிகிச்சை தொடங்கிய முதல் எட்டு மருத்துவமனைகளில் அதுவும் ஒன்று. எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தவுடனே எல்லோருக்கும் மருந்து என்பது 2017இலிருந்து நடைமுறை. மருந்தை விடாமல் சாப்பிட்டால் எதிர்ப்பு சக்தி மீள்கிறது, லிம்போமா வரும் ஆபத்தும் வெகுவாகக் குறைகிறது. இந்தக் கொடிய நோய்க்கு எதிராக நம் கையில் இருக்கும் பெரிய ஆயுதம் அந்தத் தினசரி மாத்திரைதான்.

எனவே என் வேண்டுகோள்கள் இவை. வாயில் புண்ணோ வீக்கமோ பல் பிடுங்கிய குழியோ இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாவிட்டால் மறுபடி மருத்துவரைப் பாருங்கள். சதைப் பரிசோதனை தேவையா என்று நீங்களே கேளுங்கள். பல் மருத்துவ நண்பர்களே, இந்த நோயாளி முதலில் வந்து உட்கார்வது பெரும்பாலும் உங்கள் நாற்காலியில்தான். மாத்திரைக்கு அடங்காத வீக்கத்தைத் தாமதிக்காமல் மேல்மருத்துவத்துக்கு அனுப்புங்கள். அரசு மருத்துவமனைகளில் உள்ள நம்பிக்கை மையங்களில் எச்.ஐ.வி. பரிசோதனை இலவசம், முடிவு ரகசியமாகக் காக்கப்படும். 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த சட்டம், எச்.ஐ.வி. உள்ளவருக்குச் சிகிச்சை மறுப்பதையும் வேலையில் பாகுபாடு காட்டுவதையும் தடை செய்கிறது. சந்தேகம் இருந்தால் 1097 என்ற கட்டணமில்லா எண்ணில் கேட்கலாம்.

உங்கள் வீட்டிலோ தெருவிலோ ஒருவர் ஆறாத புண்ணோடு தயங்கி நின்றால், காரணம் எதையும் துருவாமல், "வாங்க, நானும் கூட வரேன்" என்று மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்