மருந்துக்கு விலை கேட்கக் கூச்சம் ஏன்?

தோட்டத்தில் இருந்த காலத்தில் டிரெஸ்ஸர் கொடுத்த மாத்திரைக்கு நம் பெற்றோர் விலை கேட்டதில்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டு நாம் பட்டணத்துக்கு வந்துவிட்டோம். இன்று மருந்துக்குக் காசு கொடுக்கிறோம். விலை கேட்காத பழக்கம் மட்டும் நம்மோடு கூடவே வந்துவிட்டது!

சென்ற மாதம் ஆள்குறைப்பு வழக்கு ஒன்றுக்காக ஓர் அக்கா என்னைப் பார்க்க வந்தார். வேலையோடு கம்பெனியின் பேனல் கிளினிக் சலுகையும் போய்விட்டது. இன்சூரன்ஸ் கிடையாது. (இருந்தாலும் பெரும்பாலான மெடிக்கல் கார்டுகள் வார்டில் படுத்தால்தான் உதவும்.) இனிப்பு நீருக்கும் ரத்தக் கொதிப்புக்கும் தனியார் கிளினிக்கில் மாதம் 160 வெள்ளி கட்டுகிறார். பில்லைப் பார்த்தேன். மொத்தத் தொகை மட்டுமே இருந்தது. எந்த மாத்திரைக்கு எவ்வளவு? அவருக்குத் தெரியாது. கையில் காசு இல்லாத மாதங்களில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் விழுங்குகிறாராம். வழக்கைவிட அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

தனியார் கிளினிக்குகளும் மருத்துவமனைகளும் பார்மசிகளும் மருந்து விலையைக் கண்ணில் படும்படி வைக்க வேண்டும் என்ற உத்தரவு 2025 மே 1-இல் அமலுக்கு வந்தது. டாக்டர்கள் புத்ராஜெயாவில் பேரணி நடத்தி எதிர்த்தார்கள். ஆனால் ஏமாந்துவிடாதீர்கள்! இந்த உத்தரவு விலையைக் காட்டத்தான் சொல்கிறது, உச்சவரம்பு விதிக்கவில்லை. ஒரே மாத்திரை இரண்டு இடத்தில் இரண்டு விலைக்கு விற்கலாம்.

ஆகவே டாக்டரிடம் மருந்துச் சீட்டை எழுதி வாங்குங்கள். குளுக்கோபேஜ் என்பது கம்பெனி வைத்த பெயர். உள்ளே இருக்கும் மருந்து மெட்ஃபார்மின். நோர்வாஸ்க் என்றால் அம்லோடிபின். அதே மருந்தை வேறு கம்பெனிகளும் பொதுவாக மலிவாகவே விற்கின்றன. பார்மசிஸ்டிடம் கேளுங்கள், நீங்களாக மாற்றிக்கொள்ளாதீர்கள்.

அதைவிட, அரசாங்க கிளினிக்கில் குடிமக்களுக்கு 1 வெள்ளிதான், மருந்தும் சேர்த்து! வரிசையில் நின்றால் அரைநாள் சம்பளம் போகுமே என்பீர்கள். நியாயம்தான். தொடர் மருந்தைத் தபாலில் பெறவும், வீட்டுக்கு அருகிலுள்ள வேறு அரசாங்க கிளினிக்கில் எடுக்கவும் வசதி உண்டு. மருந்து கவுண்டரில் கேட்டால் சொல்வார்கள்.

மை கார்டு இல்லாத நம்மவர்களுக்கு அந்த 1 வெள்ளியும் இல்லை. இங்கேயே பிறந்தவரிடமும் வெளிநாட்டவர் கட்டணம்தான் கேட்கிறார்கள். வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், வக்கீலிடம் போகும்போது மருந்து பில்லோடு பிறப்புப் பத்திரத்தையும் எடுத்துச் செல்லுங்கள்.