கதவு சாத்திய பின் பத்து நாள்

காலைப் பணிமுறைக்கு மிதிவண்டியில் வந்தவன் ஆலை வாயிலில் இறங்கி நிற்கிறான். நேற்றுவரை திறந்திருந்த கதவு இன்று சாத்தப்பட்டிருக்கிறது. கதவில் ஒரு தாள் ஒட்டப்பட்டிருக்கிறது. முண்டியடிக்கும் தோள்களுக்கிடையே அவனுக்கு விளங்குவது ஒன்றே: இன்று வேலை இல்லை, நாளை உண்டா என்பதைச் சொல்வார் எவரும் இலர். கையிலுள்ள தூக்குச்சட்டியின் சூடு இன்னும் ஆறவில்லை. இருபது ஆண்டு உழைப்பை ஒரு தாள் முடித்துவைத்துவிட்டது!

மதுரைக்கும் அதனைச் சூழ்ந்த ஊர்களுக்கும் இக்காட்சி புதிதன்று. ஆர்வி ஆலையும் மீனாட்சி ஆலையும் பசுமலை மகாலட்சுமி ஆலையும் ஆயிரமாயிரம் வீடுகளின் அடுப்பை எரித்த காலத்தில், ஆலைச்சங்கே பல தெருக்களுக்குப் பொழுதுகாட்டியாக இருந்தது. அப்பேராலைகளின் வீறு இன்று சுருங்கிவிட்டது. வேலையோ சிற்றாலைகளிலும் பட்டறைகளிலும் பண்டசாலைகளிலும் சிதறிக் கிடக்கிறது. சங்கொலி நின்றது, கதவு சாத்தப்படுவது மட்டும் நிற்கவில்லை.

வாயிலில் நின்றவன் அன்று நேரே வீட்டுக்குச் செல்வதில்லை. தெப்பக்குளத்துப் படிக்கட்டிலோ வையைக் கரை மரத்தடியிலோ பகலைக் கழித்துவிட்டு, வழக்கமான நேரத்தில் வீடு திரும்புகிறான். மறுநாளும் அதே நேரத்தில் புறப்படுகிறான். மனைவி கட்டிக்கொடுத்த சோற்றை எங்கோ அமர்ந்து உண்கிறான். மூன்றாம் நாள் குழாயடியில் அண்டை வீட்டுக்காரி சொல்லித்தான் மனைவிக்குச் செய்தி தெரிகிறது. அன்றிரவு அவ்வீட்டில் பேச்சில்லை. நான்காம் நாள் காதுத்தோடு அடகுக் கடைக்குப் போகிறது. ஐந்தாம் நாள் வட்டிக்காரன் வாயிற்படியில் நிற்கிறான். அடுத்த பருவத்துக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டவேண்டிய மகளிடம், "வீட்டிலேயே இரு, பிறகு பார்க்கலாம்" என்கின்றனர். வேலை இழந்தவன் தந்தை; முதலில் வெட்டுண்பது மகளின் படிப்பு!

வேலை போனது அவன் குற்றமா? பஞ்சு விலை ஏறியதற்கும் நூல் விலை இறங்கியதற்கும் அவன் பொறுப்பாளி அல்லன். பழம்பொறிகளை மாற்றாமல் விட்டவன் அவன் அல்லன். பங்காளிகளுக்குள் பிணங்கிக்கொண்டவனும் அவன் அல்லன். ஆயினும் தெருவில் தலைகுனிந்து நடப்பவன் அவனே. செய்தவன் நாணவில்லை, செய்யப்பட்டவன் நாணுகிறான். இந்த முறைகெட்ட நாணமே அவன் வாழ்வின் பெரும்பகை. ஏனெனில், அந்நாணம் அவனைத் தனியனாக்குகிறது. தனியனானவனின் உரிமையைப் பறிப்பது மிக எளிது.

இது வெறும் அறவுரையன்று. சட்டமே இதற்குச் சான்று. ஆலைத் தொழிலாளர் 'லே-ஆப்' என்று சொல்லிப் பழகியது ஒன்று; ஆட்குறைப்பு என்பது மற்றொன்று; மூடல் என்பது வேறொன்று. முன்னதில், வேலை தர இயலாத நிலையில் தொழிலாளி இடைக்காலமாக நிறுத்தப்படுகிறான். அவன் பெயர் பதிவேட்டில் இருந்துகொண்டே இருக்கிறது. இரண்டாவதில், பெயரே அடிக்கப்படுகிறது. மூன்றாவதில், தொழிலகமே முடிகிறது. கதவில் ஒட்டிய தாளில் இம்மூன்றில் எது எழுதப்பட்டுள்ளது என்பதைப் பொறுத்தே அவன் கைக்கு வரும் தொகையும் அவன் கேட்கக்கூடிய உரிமையும் அமைகின்றன.

1947-ஆம் ஆண்டின் தொழிற்தகராறுச் சட்டத்தில் 1953-இல் சேர்க்கப்பட்ட விதிகளின்படி, 50 பேருக்குக் குறையாத தொழிற்சாலையில் ஓராண்டு தொடர்ந்து உழைத்தவன் இவ்வாறு இடைநிறுத்தப்பட்டால், அந்நாள்களுக்கு அடிப்படைக் கூலியிலும் அகவிலைப் படியிலும் பாதி அவனுக்கு உரியது. ஆனால், அவ்விதியோடு ஒரு கட்டுப்பாடும் உண்டு: அவன் நாள்தோறும் ஒருமுறையேனும் குறித்த நேரத்தில் ஆலைக்கு வந்து தன்னைக் காட்டவேண்டும். வாராதவனுக்கு அப்பாதிக் கூலியும் இல்லை. வையைக் கரை மரத்தடியில் எவர் கண்ணிலும் படாமல் பகலைக் கழித்தவன், தன் நாணத்துக்குத் தன் பாதிக் கூலியை விலையாகக் கொடுத்தான். எவ்வளவு பேருக்கு இது தெரியும்? தெரிந்தவர் எவ்வளவு பேர் அவனுக்குச் சென்று சொன்னார்கள்?

இதனினும் பெரிய கண்ணி ஒன்று உண்டு. முதற்கிழமை முடிவதற்குள் அலுவலகத்திலிருந்து அழைப்பு வருகிறது. மேசையில் ஒரு தாள். அருகில் ஒரு தொகை. "என் விருப்பத்தின்பேரில் வேலையிலிருந்து விலகுகிறேன்" என்பது அத்தாளின் பொருள். வட்டிக்காரன் முகம் கண்முன் நிற்கிறது, தொகை கைக்கெட்டும் தொலைவில் இருக்கிறது, அவன் ஒப்பமிட்டுவிடுகிறான். தானே விரும்பி விலகுவது சட்டத்தின் கண்ணில் ஆட்குறைப்பு ஆகாது. ஆட்குறைப்பாயின் ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கு ஈடான ஊதியமோ உண்டு. உழைத்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் ஊதியம் இழப்பீடாக உண்டு. 1972-ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்த பணிக்கொடை அதனின் வேறானது. ஐந்தாண்டு உழைத்தவனுக்கு அதுவும் ஆண்டுக்கு 15 நாள் ஊதியம். 20 ஆண்டு உழைத்தவன் கணக்குப் பார்க்கட்டும்: இழப்பீடு 300 நாள் ஊதியம்; பணிக்கொடை ஏறத்தாழ மற்றொரு 300 நாள். ஒப்பமிட்டவனுக்குப் பணிக்கொடை மிஞ்சும். முன்னைய 300 நாள் ஊதியத்தைச் சட்டப்படி கேட்கும் வாய்ப்பு அவன் கையெழுத்திலேயே கரைந்துபோகும்.

இவ்வுரிமைகள் வானத்திலிருந்து விழுந்தவை அல்ல. அவற்றுள் தலையாயதொன்று மதுரை ஆலையின் பெயரோடேயே நிலைபெற்றது என்பதைத் தமிழர் பலர் அறியார். பெருந்தொழிற்சாலை ஒன்று ஆள்களைக் குறைக்குமுன் அரசின் இசைவைப் பெறவேண்டும் என்னும் விதி 1976-இல் இயற்றப்பட்டது. அப்போது 300 பேருக்குக் குறையாத தொழிற்சாலைகளுக்கே பொருந்திய அவ்விதி, 1982-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் 100 பேர் உள்ள தொழிற்சாலைகளுக்கும் விரிந்தது. "எங்கள் தொழிலை நாங்கள் நடத்த இன்னொருவர் இசைவு எதற்கு?" என்று முதலாளிமார் வழக்கிட்டனர். சென்னை உயர்நயன்மன்றம் அவ்விதி செல்லாது என்றது. கருமுத்து தியாகராசர் நிறுவிய மீனாட்சி ஆலையின் தொழிலாளர் அதனோடு ஓய்ந்துவிடவில்லை, தில்லிக்குச் சென்றனர். 1992-ஆம் ஆண்டு மே மாதம், இந்திய உச்சநயன்மன்றத்தின் ஐந்து நடுவர் அமர்ந்த ஆயம் அவ்விதி செல்லும் என்று தீர்த்தது. இடைநிறுத்தத்துக்கும் முன்னிசைவு வேண்டும் என்னும் விதி, மின்தட்டுப்பாடு, இயற்கைப் பேரிடர் போன்றவற்றை மட்டும் விலக்கி வகுக்கப்பட்டது. அதன் செல்லுமை பாவநாசம் தொழிலாளர்க்கும் மதுரா கோட்சு நிறுவனத்துக்கும் இடையே எழுந்த வழக்கில் ஆராயப்பட்டு, 1990-களின் நடுவில் அதுவும் நிலைநிறுத்தப்பட்டது. இன்றும் இந்தியாவின் எம்மூலையில் ஆட்குறைப்பு வழக்கு நடந்தாலும் வழக்குரைஞர் எடுத்துக்காட்டும் பெயர்களுள் மீனாட்சி ஆலைத் தொழிலாளர் என்பதும் ஒன்று. கோயிலாலும் கழகத்தாலும் பெயர்பெற்ற மதுரைக்கு இதுவும் ஒரு பெருமையே.

அப்பெருமை இன்று எந்நிலையில் உள்ளது? 2020-இல் இயற்றப்பட்டு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலுறவுத் தொகுப்புச் சட்டம், 100 என்னும் வரம்பை மீண்டும் 300 ஆக்கிவிட்டது. 299 பேர் உழைக்கும் ஆலை இனி எவரிடமும் இசைவு கேட்கவேண்டியதில்லை. குறித்த காலத்துக்கென்று வேலைக்கு எடுக்கப்பட்டவன் அக்காலம் முடிந்ததும் அனுப்பப்பட்டால் அது ஆட்குறைப்பே ஆகாது. ஆள்குறைக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் 15 நாள் ஊதியத்தை மறுபயிற்சி நிதி வழியாக 45 நாள்களுக்குள் செலுத்தவேண்டும் என்னும் நன்மையும் அச்சட்டத்தில் உண்டு, அதை மறைக்கவேண்டியதில்லை. ஆனால், வாயிற்கதவைக் காத்த பூட்டைக் கழற்றிக்கொண்டு, வழிச்செலவுக்குச் சில்லறை கொடுப்பது ஈடாகுமா? மதுரையைச் சூழ்ந்த சிற்றாலைகளில் 300 பேரைப் பதிவேட்டில் காட்டுவன எத்தனை? 'இழப்பில் நடக்கும் ஆலையை எத்தனை நாள் இழுப்பது?' என்று கேட்பாரும் உளர். ஆலை நலிவது உண்மையாயின் அதைக் கணக்கோடு காட்டி இசைவு பெறட்டும். 60 நாள்களுக்குள் அரசு விடை தராவிடின் இசைவு தந்ததாகவே கொள்ளலாம் என்றும் சட்டம் சொல்லிற்று. இரண்டு மாதம் கணக்குக் காட்டப் பொறுக்காதவன், இருபது ஆண்டு உழைத்தவனை ஒரு காலையில் அனுப்புவது எம்முறையில் சேர்ந்தது?

சட்டத்தின் வேலி தாழும்போது மாந்தரே வேலியாக நிற்கவேண்டும். அதற்கும் தமிழ்மண்ணில் முன்மாதிரி உண்டு. மதுரையில் ஆலை நடத்திய அதே ஆர்வி நிறுமத்தாரின் பொறுப்பில் இருந்த தூத்துக்குடி கோரல் ஆலையில், 1908 பிப்ரவரி 27-இல் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். வ.உ.சிதம்பரனார் அவர்களுக்குத் தலைநின்றார். ஆலை ஓடவில்லை, கூலியும் இல்லை. ஆனால், ஒரு தொழிலாளியும் பட்டினியால் பணிந்துபோகவில்லை. ஊரார் பொருள் திரட்டினர், உணவிட்டனர், சிலர்க்கு வேறு வேலையும் தேடித் தந்தனர். ஆலைக்கு ஆதரவாகப் பேசியவருக்கு முடிதிருத்துவோர் முடிதிருத்த மறுத்தனர். பத்து நாள் அளவில் நிறுமம் இறங்கிவந்து கூலியை உயர்த்தியது. அவ்வெற்றியை ஈட்டியது மேடைப்பேச்சு மட்டுமன்று. அந்தப் பத்து நாள் ஊரார் வீட்டு அடுப்புகள் தொழிலாளர்க்காகவும் எரிந்தன. அதுவே வெற்றி!

இன்று வேலை இழந்தவனுக்கும் அந்தப் பத்து நாளே தலையாயது. அந்நாள்களில் அவன் செய்யவேண்டுவன கடினமானவை அல்ல. முதல் நாளே வீட்டில் சொல்லிவிடுக. ஒட்டிய தாளைப் படியெடுத்து வைக்க. நாள்தோறும் தோழர்களோடு வாயிலுக்குச் செல்க; சென்றதற்குச் சான்று வைக்க. ஊதியச் சீட்டு, அடையாள அட்டை, வைப்புநிதி எண் அனைத்தையும் ஓரிடத்தில் சேர்த்துக்கொள்க. தமிழில் எழுதப்படாத எத்தாளிலும் ஒப்பமிடற்க. பணிநிலை ஆணைகளைத் தொழிலாளருள் பெரும்பாலோர் அறிந்த மொழியிலும் வாயிலருகே ஒட்டவேண்டும் என்று 1946-ஆம் ஆண்டுச் சட்டமே சொல்லியிருந்தது. எனவே, "தமிழில் தருக" என்பது இரப்பு அன்று, உரிமை. தமிழில் தந்தாலும், பத்து நாள் கழித்து ஒப்பமிடுவதால் உலகம் முடிந்துவிடாது என்பதை நினைக. தொழிலாளர் அலுவலரிடம் கூட்டாக முறையிடுக. தொழிற்சாலைத் தொழிலாளிக்கு வழக்குரைஞர் உதவியைக் கட்டணமின்றித் தருமாறு 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டம் வகுத்திருக்கிறது. மாவட்ட நயன்மன்ற வளாகத்தில் அதற்கென அலுவலகம் உண்டு. கந்துவட்டியைத் தடுக்கும் தமிழ்நாட்டுச் சட்டம் 2003 முதல் இருக்கிறது என்பதை வாயிற்படியில் நிற்பவனுக்கு நினைவூட்டுக.

இவற்றையெல்லாம் கலங்கிய உள்ளத்தோடு இருப்பவன் தனியே செய்வானா? செய்யான். எனவேதான் இவ்வுரை வேலை இழந்தவனை நோக்கியதைவிட, அவன் தெருவில் வாழ்வோரை நோக்கியது. படித்தவர், ஆசிரியர், அலுவலகப் பணியாளர், கடைக்காரர் எனத் தமிழன்பர் இல்லாத தெரு மதுரையில் உண்டா? பக்கத்து வீட்டு மிதிவண்டி பகலெல்லாம் வாயிலில் நிற்கக் கண்டால், "என்ன, இன்று விடுமுறையா?" என்று கேட்டுவிட்டுக் கடந்து செல்லாதீர். உள்ளே செல்க, அமர்க. அந்தத் தாளை வாங்கிப் படித்து, அதன் பொருளைத் தமிழில் எடுத்துச் சொல்க. மகளின் கல்லூரிக் கட்டணத்துக்குத் தெருவே ஒரு பருவம் பொறுப்பேற்க. மளிகைக் கடைக்காரர் ஒரு மாதக் கணக்கைப் பொறுத்துக்கொள்க.

உழைப்பாளியின் மொழியைக் காப்போம் என்று முழங்குவோர்க்கு, அவ்வுழைப்பாளி தன் மொழியில் ஒரு தாளைப் படித்து அறியும்வரை அவன் கைக்கோலைப் பற்றி நிறுத்தும் கடமையும் உண்டு. மீனாட்சி ஆலைத் தொழிலாளர் தில்லிவரை சென்றது தனித்தனியாக அன்று. கோரல் ஆலைத் தொழிலாளர் வென்றதும் தனித்தனியாக அன்று. நாளைக் காலை எங்கோ ஒரு கதவு சாத்தப்படும். சூடாறாத தூக்குச்சட்டியோடு ஒருவன் அதன்முன் நிற்பான். அவன் வையைக் கரைக்குத் தனியே சென்று அமரானாக! அவனைத் தேடி ஒரு தமிழன் செல்வானாக!