தாவும் நெஞ்சும் தனித்த கடையும்



ஒரே கடையில் தலைமுறை தலைமுறையாகப் பொருள் வாங்கிய குடும்பங்கள் அருகி வருகின்றன. ஒரே வணிகப் பெயரை நம்பி வாங்கியோரும் இன்று எது மலிவோ அதன்பால் தாவுகின்றனர். இதனை மக்களின் நன்றியின்மை என்று வணிகர் பழிக்கின்றனர். பழிக்குமுன், அப்பற்று யாரால், எவ்வாறு சிதைந்தது என்று ஆராய்தல் வேண்டும். குளிர் பருகுநீர் வணிகத்தின் வரலாறே அதற்குப் போதிய சான்றாகும்.

1977-இல் கோகோ கோலா இந்தியாவை விட்டு நீங்கியபின், பார்லே நிறுவனத்தின் தம்சப்பு, இலிம்கா, கோல்டுசுபாட்டு முதலியன மக்களிடையே ஆழ வேரூன்றின. 1993-இல் அவ்வயலார் மீண்டும் வந்தபோது, அப்பெயர்களையெல்லாம் பார்லே அவர்களுக்கே விற்றுவிட்டது. பெயரோடு சேர்ந்து, அதன்மேல் மக்கள் வைத்திருந்த பற்றும் விலைபோயிற்று. கோல்டுசுபாட்டோ பின்னர்க் கடைகளினின்றே அகற்றப்பட்டது. வாங்குவோரை எவரேனும் ஒரு சொல் கேட்டனரா? விலை வந்தால் கைமாறிவிடும் பெயருக்கு மக்கள் மட்டும் ஏன் உண்மையாய் இருத்தல் வேண்டும்? எனவே, வணிகப் பெயர்கள்மேல் கொண்ட பற்றுத் தளர்வதற்காக நாம் கண்ணீர் வடிக்க வேண்டுவதில்லை.

ஆயின், கடைக்காரர்மேல் கொண்ட பற்று அத்தகையதன்று. அது முகமறிந்த உறவு. 2017 சனவரியில் ஏறுதழுவல் உரிமைக்காக மெரினாக் கடற்கரையில் இளைஞர் திரண்டபோது, அயல்நாட்டுப் பருகுநீரைப் புறக்கணிப்போம் என்ற குரலும் எழுந்தது. அக்குரலுக்குச் செவிசாய்த்து, தமிழ்நாட்டு வணிகர் பேரமைப்பும் பேரவையும், மார்ச்சு 1 முதல் கோகோ கோலா, பெப்சி ஆகியவற்றை விற்பதில்லை என்று அறிவித்தன. வரும்படி குறையும் என்று தெரிந்தும் சிறுகடைக்காரர் பலர் அவற்றை ஒதுக்கினர். 1916-இல் விருதுநகரில் பழனியப்பனார் தொடங்கிய காளிமார்க்கின் பொவண்டோ போன்ற நம் மண்ணின் பருகுநீர்களை மக்களும் கேட்டு வாங்கினர். அவ்வெழுச்சி எத்துணை நாள் நின்றது? அயலார் குடுவைகள் இன்று பழைய இடத்திலேயே வீற்றிருக்கின்றன. கேட்டவரும் நாமே, மறந்தவரும் நாமே!

நமக்காகத் தம் வரும்படியை விட்ட கடைக்காரர்க்கு நாம் செய்த கைம்மாறு என்ன? கைப்பேசிச் செயலியில் ஐந்து உருவா குறைகின்றது என்று அவர் கடையைக் கடந்து செல்கின்றோம். பெருமுதலாளிகள் தொடக்கத்தில் இழப்பைத் தாங்கியும் விலையைக் குறைக்க வல்லவர்கள். சிறுகடைக்காரர்க்கு அவ்வலிமை ஏது? தெருக்கடைகள் மூடப்பட்டபின் விலையை அவர்கள் ஏற்றினால் தடுப்பார் யார்? 2020-இல் பெருந்தொற்று முடக்கம் தொடங்கியபோது இணையவழி விற்பனை தடுமாறிற்று. அன்று நம் அடுப்பெரிய அரிசியும் பருப்பும் தந்தது தெருமுனைக் கடையே. கையில் காசில்லாத நாளில் முகம் பார்த்துப் பொருள் தந்து, ஏட்டில் எழுதிக்கொள்பவரும் அக்கடைக்காரரே. செயலிக்கு நம் முகம் தெரியாது.

வணிகர்க்கும் ஒன்று கூறுவோம். பற்று என்பது கேட்டுப் பெறும் கொடையன்று, ஒழுக்கத்தால் ஈட்டுவது. புகார் வணிகரின் நடுவுநிலை நெஞ்சத்தையே பட்டினப்பாலை போற்றுகின்றது. எடையைக் குறைத்து, நாள் கடந்த பொருளை நீட்டினால், தமிழர் கடை என்பதற்காக மட்டும் எவரும் நாடி வரமாட்டார்.

அன்பர்களே! திங்கள்தோறும் வீட்டுக்கு வேண்டுவனவற்றை உங்கள் தெருக்கடையிலேயே வாங்குங்கள். ஏட்டுக் கடனைச் சொன்ன நாளில் தீர்த்துவிடுங்கள். நம் மண்ணில் செய்த பொருளைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். இல்லையெனில் வரவழைக்கச் சொல்லுங்கள். கடற்கரையில் சில நாள் முழங்குவது எளிது. கடை வாயிலில் ஆண்டு முழுதும் உறுதியாய் நிற்பதே அரிது. அவ்வரிய செயலை இத்திங்களிலேயே தொடங்குவோம்!