மாசமா இருக்கவகிட்ட ஊசியக் காட்டிப் பயமுறுத்தாதீங்க

எங்க கமுதிப் பக்கம் மாசமா இருக்குற பொண்ணுக்கு சுகர்னா வீட்டுல யாரும் பெருசா கலங்க மாட்டாங்க. டாக்டர் "இன்சுலின் போடணும்"னு சொல்லிட்டா போதும், அப்பத்தா முதக்கொண்டு ஆளாளுக்கு வைத்தியராயிருவாங்க. "ஊசி ஆரம்பிச்சா ஆயுசுக்கும் ஊசிதான்", "மருந்து புள்ளைக்கு எறங்கிரும்". சொந்தக்காரப் பொண்ணு ஒருத்தி இதக் கேட்டே ஏழாம் மாசத்துல ரெண்டு வாரம் ஊசியத் தொடல. ஒரு நர்ஸம்மா உக்கார வச்சு வெளக்குன பிறகுதான் போட்டுக்கிட்டா.

உண்மை நேர்மாறுங்க. தாயோட ரத்தத்துல கூடுற சர்க்கரை நஞ்சுக்கொடி வழியா குழந்தைக்குப் போகும். தாய் போட்டுக்குற இன்சுலின் அநேகமா போகாது. வர்ற சர்க்கரையச் சமாளிக்க குழந்தையோட கணையம் கூடுதலா இன்சுலின் சுரக்கும். குழந்தை அளவுக்கு மீறிப் பெருக்கலாம், பிரசவம் சிக்கலாகலாம், பிறந்ததும் அதுக்கு சர்க்கரை சட்டுன்னு எறங்கலாம். ஆக, ஊசி புள்ளையத் தொடாது. ஊசியத் தள்ளிப்போட்டாத்தான் தொடும்!

ஆயுசுக்குமா? கர்ப்பத்துல வந்த சர்க்கரைன்னா பெரும்பாலும் பிரசவத்தோட ஊசி நின்னுரும். ஆறு வாரம் கழிச்சு மறுபடி டெஸ்ட் பண்ணிக்கணும். பிற்காலத்துல சர்க்கரை வர வாய்ப்பு அதிகம்தான், ஆனா அதுக்குக் காரணம் ஊசி இல்ல.

கண்டுபிடிக்கிற வேலையச் சுலபமாக்குனவர் நம்ம சென்னை டாக்டர் வி. சேஷய்யா. வெறும் வயித்தோட வரணும்னு இல்ல. 75 கிராம் குளுக்கோஸ் குடிச்சு 2 மணி நேரம் கழிச்சுப் பாத்து, 140-ஐத் தொட்டா கர்ப்பகால சர்க்கரை. கிராமத்துலருந்து பஸ் புடிச்சு வர்றவளுக்கு இது எவ்வளவு பெரிய உதவி!

ஆனா ஊசிச் சீட்டு எழுதுறதோட வேலை முடியலைங்கிறது என் கட்சி. "வீட்டுல ஃபிரிட்ஜ் இருக்காம்மா?"ன்னு ஒரு வார்த்தை கேக்கணும். எங்க ஊரு சித்திரை வெயில்ல இன்சுலின் கெட்டுப்போகும். ஃபிரிட்ஜ் இல்லாட்டி, பாட்டில பிளாஸ்டிக் பையில இறுக்கிக் கட்டி, தண்ணி இருக்குற மண்பானைக்குள்ள வைக்கலாம். ஃபிரீஸர்ல மட்டும் வைக்கக் கூடாது. ஊசி போட்டுட்டு சாப்பாட்டத் தள்ளிப்போடக் கூடாது. கை நடுங்கி வேர்த்துச்சுன்னா உடனே மூணு ஸ்பூன் குளுக்கோஸ் கரைச்சுக் குடிச்சிரணும். அப்புறம், கருப்பட்டியும் சர்க்கரைய ஏத்தும் சாமி, அது ஒண்ணும் மருந்தில்ல.

வீட்டுப் பெரியவங்களுக்கு ஒண்ணே ஒண்ணு. அவளுக்கு வேண்டியது உங்க வைத்தியம் இல்ல. நேரத்துக்குச் சோறு, சாயங்காலம் கூட நடக்க ஒரு ஆளு. அதக் குடுங்க, போதும்.