வெறுங்கால் கதையை இனி எனக்கு அனுப்பாதீர்கள்

நேற்றுக் காலை காபி ஆறுவதற்குள் ஒரே செய்தி மூன்று வாட்ஸாப் குழுக்களில் வந்து விழுந்தது. ஓய்வூதியர் குழு, பழைய மாணவர் குழு, எங்கள் தெருக் குழு. எத்தியோப்பியாவில் ஓர் ஏழை இளைஞன். ஷூ வாங்கக் காசில்லை. வெறுங்காலோடு ரோம் ஒலிம்பிக்கில் மாரத்தான் ஓடித் தங்கம் வாங்கினான். ஆகவே வசதி இல்லை என்று சொல்பவன் சோம்பேறி. கீழே ஒரு ரோஜாப்பூ, இனிய காலை வணக்கம்.

முப்பத்தோரு வருடம் டிரில் வாத்தியாராக இருந்தவன் நான். இந்தக் கதையை எத்தனை விளையாட்டு விழாக்களில் கேட்டிருக்கிறேன் என்று கணக்கில்லை. கேட்டது மட்டுமா, நானே எத்தனையோ வகுப்பில் சொல்லியிருக்கிறேன். அந்தப் பாவத்துக்குக் கொஞ்சம் பரிகாரமாகத்தான் இதை எழுதுகிறேன். ஓடியவர் மேல் எனக்கு அளவில்லாத மரியாதை உண்டு. கோபமெல்லாம் கதை மேல்தான்.

அவர் பெயர் அபேபே பிகிலா. நம்மைப் போலவே அவர்களுக்கும் குடும்பப் பெயர் கிடையாது, அப்பா பெயரைத்தான் பின்னால் போட்டுக்கொள்வார்கள். அதனால் அவரை அபேபே என்றே சொல்லுகிறேன். பிகிலா என்று கூப்பிட்டால் அவருடைய அப்பா திரும்பிப் பார்ப்பார்.

1932 ஆகஸ்ட் 7-ல் பிறந்தவர். கிராமத்தில் பிறந்த, எளிய குடும்பத்துப் பிள்ளை, அது உண்மை. ஆனால் ரோமுக்குப் போனபோது அவர் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த அநாதைப் பையன் இல்லை. பேரரசர் ஹைலி செலாசியின் மெய்க்காவல் படையில் சம்பளம் வாங்கும் சிப்பாய், வயது 28. அவருக்கு ஒன்னி நிஸ்கானன் என்று ஸ்வீடன் நாட்டுப் பயிற்சியாளர் ஒருவர் இருந்தார். அடிஸ் அபாபா கடல் மட்டத்திலிருந்து 2,300 மீட்டருக்கு மேலே இருக்கிற ஊர். அந்த மெல்லிய காற்றில், திட்டம் போட்டு, நேரம் குறித்து, மலையும் சாலையுமாக ஓடிப் பழகிய ஆள். ஒரு நாள் காலையில் எழுந்து மன உறுதியோடு ஓடிப் போய்த் தங்கத்தை எடுத்துக்கொண்டு வரவில்லை.

அப்படியானால் ஷூ ஏன் இல்லை? காசில்லாமல் அல்ல. ரோமில் கிடைத்த ஷூ அவர் காலுக்குச் சரியாகப் பொருந்தவில்லை. பொருந்தாத புது ஷூவில் 42 கிலோமீட்டர் ஓடினால் என்ன ஆகும் என்று கல்யாணத்துக்குப் புதுச் செருப்பு போட்டுக்கொண்டு போன எல்லோருக்கும் தெரியும். வெறுங்காலில் ஓடி அவருக்கு நல்ல பழக்கம் இருந்தது. எனவே அதுவே மேல் என்று முடிவு செய்தார்கள். தொழில் தெரிந்தவர்கள் யோசித்து எடுத்த முடிவு அது. வறுமைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இன்னொரு விஷயம், இதை எந்த ஃபார்வர்டிலும் பார்க்க மாட்டீர்கள். அந்த மாரத்தான் பட்டப்பகலில் நடக்கவில்லை. ரோம் நகரத்து வெயிலுக்குப் பயந்து, 1960 செப்டம்பர் 10 அன்று மாலை ஐந்தரை மணி வாக்கில்தான் ஓட்டத்தை ஆரம்பித்தார்கள். முடியும்போது இருட்டிவிட்டது. பழைய அப்பியன் சாலை ஓரத்தில் சிப்பாய்கள் தீப்பந்தம் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஆக அபேபே கொதிக்கும் தாரில் ஓடவில்லை. இதை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஓட்டத்தின் பிற்பகுதியில் அவருக்குப் போட்டி ஒரே ஒருவர்தான், மொராக்கோ நாட்டு ரதி. இருவரும் சேர்ந்தே ஓடி வந்தார்கள். முடிவுக்குக் கொஞ்ச தூரம் முன்னால், எத்தியோப்பியாவின் அக்சும் நகரத்துப் பழங்காலக் கல் தூண் ஒன்று நின்றது. எத்தியோப்பியக் கல் தூண் ரோமில் எப்படி வந்தது என்கிறீர்களா? 1935-ல் முசோலினி அந்த நாட்டின் மேல் படையெடுத்துப் பிடித்தான் அல்லவா, 1937-ல் பெயர்த்துக்கொண்டு வந்து நட்டுவைத்த கொள்ளைப் பொருள் அது. அந்தத் தூண் அருகில்தான் அபேபே வேகத்தைக் கூட்டி ரதியை விட்டுப் பிரிந்தார். கான்ஸ்டன்டைன் வளைவின் கீழே முதலாவதாக வந்து நின்றார். 2 மணி 15 நிமிடம் 16.2 வினாடி. அதுவரை உலகில் யாரும் அத்தனை வேகமாக மாரத்தான் ஓடியதில்லை. படையெடுப்பு நடந்தபோது அவருக்கு மூன்று வயது. இருபத்தைந்து வருடம் கழித்து அந்த நாட்டுத் தலைநகரத்தின் நடுவிலேயே வந்து ஜெயித்தார். தூண் ஊர் திரும்புவதற்கு 2005 ஆனது, அது வேறு விஷயம்.

சொல்லுங்கள், இதில் எது பெரிய கதை? தூணா, செருப்பா? நம்மவர்கள் பாதத்தைப் பிடித்துக்கொண்டு ஆளை விட்டுவிட்டார்கள்.

அடுத்த வருடமே ஜப்பானில் ஓடப் போனபோது, ஒனிட்ஸுகா என்ற ஷூ கம்பெனிக்காரர் நேரில் வந்து பேசி, தன் ஷூவைப் போட்டுக்கொள்ளச் சம்மதிக்க வைத்தார். இன்று ஆசிக்ஸ் என்று கடையில் விற்கிறதே, அந்தக் கம்பெனியின் ஆரம்பம் அவர். 1964 டோக்கியோ ஒலிம்பிக்கிலும் அபேபே ஷூ போட்டுக்கொண்டுதான் ஓடினார். அதற்கு ஐந்தாறு வாரம் முன்புதான் குடல்வால் அறுவை சிகிச்சை ஆகியிருந்தது. நேரம் 2:12:11.2. மறுபடி உலகில் யாரும் ஓடாத வேகம். இரண்டாவதாக வந்த ஆங்கிலேயர் நான்கு நிமிடத்துக்கு மேல் பின்னால். வந்தவர்கள் எல்லாம் சுருண்டு விழுந்த புல்தரையில் இவர் படுத்துக்கொண்டு உடற்பயிற்சி செய்தார். ஒலிம்பிக் மாரத்தானை இரண்டு தடவை ஜெயித்த முதல் மனிதர்.

ரோமை விட மூன்று நிமிடம் ஐந்து வினாடி குறைவு. அதெல்லாம் ஷூவால்தான் என்று நான் சொல்ல மாட்டேன், அது வேறு சாலை, வேறு நாள். ஆனால் வாய்ப்பு கிடைத்ததும் அவர் ஷூவைப் போட்டுக்கொண்டார் என்பது மட்டும் நிச்சயம். டோக்கியோ கதையை யாரும் ஃபார்வர்ட் செய்வதில்லை. ஷூ போட்டவன் ஜெயித்தால் அதில் உபதேசம் செய்ய என்ன இருக்கிறது?

இப்போது என் கதைக்கு வருகிறேன். எண்பதுகளில், நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் பன்னிரண்டு ஜோடி கான்வாஸ் ஷூ கேட்டு எழுதிக் கொடுத்தேன். மேலே இருந்த ஒருவர் சிரித்துக்கொண்டே, "ஏன் சார், அந்த எத்தியோப்பியாக்காரன் ஷூ போட்டா ஓடினான்?" என்றார். என்னிடம் பதில் இல்லை. ஏனென்றால் அவருக்கு அந்தக் கதையைச் சொன்னதே நான்தான், முந்தின வருட விளையாட்டு விழாவில்.

அந்த வருடப் போட்டியில் 5,000 மீட்டர் ஓட்டம். மத்தியானம் இரண்டு மணி. பன்னிரண்டரை சுற்று. எங்கள் பையன் ஒன்பதாவது சுற்று வரை இரண்டாவதாக ஓடி வந்தான். பிறகு நின்றுவிட்டான். ஓரமாகத் தூக்கிக்கொண்டு வந்து பார்த்தால் இரண்டு உள்ளங்காலிலும் தோல் வழண்டு தொங்கியது. அவனும் பிறந்ததிலிருந்து செருப்பில்லாமல் நடந்த பையன்தான். தழும்பேறிய கால்தான். மத்தியான மண்ணுக்கு அதெல்லாம் தெரியுமா? பானைத் தண்ணீரை ஊற்றியபோது அவன் அழவில்லை. "தோத்துட்டேன் சார், மன்னிச்சிடுங்க" என்றான். மன்னிப்பு கேட்க வேண்டியவன் யார் என்று எனக்குத் தெரிந்தது. அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை.

"ஊக்கம் தருகிற கதைதானே சார், இதில் என்ன கெட்டுப் போயிற்று" என்று நேற்று ஒரு நண்பர் கேட்டார். கெட்டுப் போனது இதுதான். இந்தக் கதையைக் காசில்லாதவன் சொல்லி நான் கேட்டதில்லை. காசை எடுத்துக் கொடுக்க வேண்டியவர்தான் சொல்கிறார். நூற்றில் ஒருவர் வெறுங்காலில் ஜெயித்ததைக் காட்டி மீதித் தொண்ணூற்றொன்பது பேருக்கும் ஷூ வேண்டாம் என்று கணக்கை முடித்துவிடுகிறார்.

கதையின் மறுபாதியையும் யாரும் அனுப்புவதில்லை. 1968 மெக்ஸிகோவில் அபேபே கால் வலியோடு ஆரம்பித்து 17 கிலோமீட்டர் வாக்கில் விலகிவிட்டார். ஜெயித்தது அவருடைய நாட்டுக்காரர் மாமோ வோல்டே, அதே ஒலிம்பிக்கில் 10,000 மீட்டரில் வெள்ளியும் வாங்கியவர். 1972-ல் நாற்பது வயதில் மாரத்தானில் வெண்கலம் வேறு. மாமோவைப் பற்றி உங்களுக்கு ஒரு ஃபார்வர்டாவது வந்திருக்கிறதா? பிற்காலத்தில், ராணுவ ஆட்சிக் காலத்துக் கொலை ஒன்றில் தொடர்பு என்று அவர் மேல் வழக்கு. அவர் மறுத்தார். தீர்ப்பு வருவதற்குள் ஒன்பது வருடம் போல ஜெயிலில் கிடந்தார். கிடைத்த தண்டனை ஆறு வருடம்தான். 2002-ல் வெளியே வந்தவர் சில மாதங்களில் இறந்துபோனார். ரோஜாப்பூவுக்குப் பக்கத்தில் போட ஏற்ற கதை இல்லை போலும்.

அபேபேக்கு 1969-ல் கார் விபத்து. அதன் பிறகு அவர் நடக்கவில்லை. இங்கிலாந்தில் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் மாதக்கணக்கில் சிகிச்சை. சக்கர நாற்காலியில் உட்கார்ந்து வில்வித்தைப் போட்டியில் கலந்துகொண்டார். நார்வேயில் நாய்கள் இழுக்கும் பனிச்சறுக்கு வண்டியோட்டப் போட்டிக்குப் போனார். 1973 அக்டோபர் 25-ல் மூளை ரத்தக் கசிவால் காலமானார். வயது 41. ரோமில் ஓடிய அந்தப் பாதங்கள் கடைசி நான்கு வருடமும் தரையில் ஊன்றவே இல்லை.

இதையெல்லாம் கொஞ்சம் சுருக்கி, ஒரு விரலால் தட்டித் தட்டி, மூன்று குழுக்களிலும் நேற்று மத்தியானம் போட்டேன். ஓய்வூதியர் குழுவில் ஒருவர் கைகூப்பும் படம் போட்டார். பழைய மாணவர் குழுவில் ஒருவன், "சார், அப்போ எங்களுக்கு நீங்க சொன்னது பொய்யா?" என்று கேட்டிருக்கிறான். ஆமாம் என்று பதில் எழுதியிருக்கிறேன். தெருக் குழுவில் குடிதண்ணீர் எப்போது வரும் என்று விசாரித்துக்கொண்டிருந்தார்கள்.