திரும்பத் திரும்ப வரும் நீர்க்கடுப்பு



சில வாரங்களுக்கு முன் ஒரு பள்ளி ஆசிரியையை அவருடைய நாத்தனார் கைத்தாங்கலாக மருத்துவமனைக்கு அழைத்து வந்தார். கடுங்குளிருடன் காய்ச்சல், விடாத வாந்தி, வலப்பக்க விலாவுக்குக் கீழே முதுகில் தாங்க இயலாத வலி. கேட்ட கேள்விகளுக்கு அந்த அம்மையார் தயங்கித் தயங்கியே விடையளித்தார். நாத்தனார்தாம் குறுக்கிட்டு, "டாக்டர், ஒரு வருடத்தில் நாலு தடவை நீர்க்கடுப்பு வந்துவிட்டது. கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வார்கள். எரிச்சல் குறைந்ததும் விட்டுவிடுவார்கள். அண்ணனிடம்கூடச் சொல்லவில்லை" என்றார். சிறுநீர்ப்பையோடு நின்றிருக்க வேண்டிய நோய் சிறுநீரகத்தை எட்டிவிட்டது. ஊசி மருந்தின் உதவியால் அவர் நலம் பெற்று வீடு திரும்பினார். ஆயினும், வெட்கம் என்ற ஒன்று இல்லாதிருந்தால் இந்தத் துன்பமே நேர்ந்திராது.

நம் முதுகெலும்பின் இருபுறமும் அவரை விதை வடிவில் அமைந்துள்ள சிறுநீரகங்கள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 150 கிராம் எடையுள்ளவை. நாளொன்றுக்கு ஏறக்குறைய 180 லிட்டர் நீரை இரத்தத்திலிருந்து வடிகட்டி, தேவையானவற்றை உடலுக்கே திருப்பிக் கொடுத்துவிட்டு, ஒன்றரை லிட்டர் அளவையே சிறுநீராக வெளியேற்றுகின்றன. அச்சிறுநீர் இரு குழாய்கள் வழியாகச் சிறுநீர்ப்பையில் வந்து தங்குகிறது. கிருமிகள் வருவதோ பெரும்பாலும் எதிர்த்திசையில், அதாவது கீழிருந்து மேலே.

நீர்க்கடுப்பு நோயாளிகளுள் நான்கில் மூன்று பங்கினருக்குக் காரணமாக அமைவது ஈ.கோலை என்னும் கிருமி. 1885-ஆம் ஆண்டில் தியோடர் எஷெரிக் என்ற மருத்துவர் இதனைக் கண்டறிந்து விவரித்தார். நம் குடலில் எத்தீங்கும் செய்யாமல் வாழும் இக்கிருமி, சிறுநீர்ப்பாதையை அடையும்போதுதான் பகையாகிறது. ஆண்களுக்குச் சிறுநீர் வெளிவரும் குழாய் சுமார் 20 சென்டிமீட்டர் நீளமுள்ளது. பெண்களுக்கோ சுமார் 4 சென்டிமீட்டர்தான். ஆகவேதான் இந்நோய் பெண்களை மிகுதியாகத் தாக்குகிறது. இது உடலமைப்பினால் வருவதேயன்றி, ஒழுக்கக் குறைவினால் வருவதன்று. மணமான புதிதில் சில பெண்களுக்கு இது தோன்றுவதுண்டு. அதைக் கொண்டு கணவன் மனைவியையோ மனைவி கணவனையோ ஐயுறுவது பெரும் அநீதியாகும்.

ஆறு மாதங்களில் இருமுறையோ, ஓராண்டில் மும்முறையோ நோய் கண்டால் அதனைத் திரும்பத் திரும்ப வரும் நோய் என்கிறோம். அந்நிலையில் ஊகத்தின் பேரில் மருந்து உண்பது கூடாது. 'யூரின் கல்ச்சர்' என்னும் பரிசோதனை இன்றியமையாதது. முதலில் வரும் சிறுநீரைக் கழித்துவிட்டு, இடையில் வருவதை மட்டும் பரிசோதனைச் சாலையில் தரும் தூய பாட்டிலில் பிடித்து, தாமதமின்றிக் கொடுக்க வேண்டும். மருந்தின் முதல் வேளைக்கு முன்னரே இதைச் செய்துவிடுவது நலம். எந்தக் கிருமி, அதற்கு எம்மருந்து கட்டுப்படும் என்பது இரண்டு மூன்று நாட்களில் தெரிந்துவிடும். நம் நாட்டில் ஈ.கோலை கிருமிகளுள் பெரும்பகுதி, கடைகளில் எளிதாய்க் கேட்டு வாங்கப்படும் சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற மருந்துகளுக்கு இப்போது மசிவதில்லை. கண்டபடி மாத்திரை உண்டதன் கூலி இது. சென்ற முறை மிஞ்சிய மாத்திரையையும், அடுத்த வீட்டு அம்மாவுக்குக் குணமளித்த மாத்திரையையும் நாடாதீர்கள். மருத்துவர் மூன்று நாளோ, ஐந்து நாளோ, ஏழு நாளோ எத்தனை நாள் குறித்துத் தருகிறாரோ, அத்தனை நாளும் உண்ணுங்கள். எரிச்சல் அடங்கியது என்று இடையில் நிறுத்த வேண்டா.

சரி, மீண்டும் வராமல் தடுப்பது எப்படி? முதல் மருந்து தண்ணீரே. 2018-இல் வெளியான ஓர் ஆய்வில், அடிக்கடி நீர்க்கடுப்பு வரும், தண்ணீர் குறைவாக அருந்தும் வழக்கமுள்ள 140 பெண்கள் பங்கு பெற்றனர். அவர்களுள் பாதிப்பேர் வழக்கத்தைவிட ஒன்றரை லிட்டர் தண்ணீர் கூடுதலாக அருந்தினர். ஓராண்டில் அவர்களுக்குச் சராசரியாக 1.7 முறை நோய் வந்தது, மற்றவர்களுக்கு 3.2 முறை வந்தது. பார்லிக் கஞ்சியும் மோரும் இளநீரும் நீரின் அளவைக் கூட்டுவதால் நன்மையே; ஆனால் அவை மருந்துக்கு ஈடாகா. இதய நோய், சிறுநீரகச் செயலிழப்பு உள்ளவர்கள் மட்டும் மருத்துவர் சொல்லும் அளவைத் தாண்டலாகாது.

சிறுநீரை அடக்கி வைப்பது அடுத்த தீமை. வேளாங்கண்ணிக்குப் பேருந்தில் புறப்படும் தாய்மார்கள், வழியில் இறங்க நேருமே என்று முதல் நாளிலிருந்தே தண்ணீரைக் குறைத்துவிடுகிறார்கள். நம் ஆசிரியையும், பள்ளியில் கழிவறை தூய்மையாக இல்லாமையால், காலை முதல் மாலை வரை அடக்கிக்கொண்டே இருந்திருக்கிறார். மூன்று நான்கு மணி நேரத்திற்கு ஒருமுறையேனும் சிறுநீர் கழிப்பதும், கழுவும்போது முன்னிருந்து பின்னாகக் கழுவுவதும், இல்லற உறவுக்குப் பின் சிறுநீர் கழிப்பதும் நல்ல பழக்கங்கள். மலச்சிக்கலையும் கவனியுங்கள். சோப்பும் கிருமிநாசினியும் கொண்டு உட்பகுதியைக் கழுவ வேண்டா. அங்கே நமக்குக் காவலாயிருக்கும் நல்ல கிருமிகளும் அழிந்துபோகும்.

இவற்றுக்கும் அடங்காவிடில் வேறு வழிகள் உண்டு. மாதவிலக்கு நின்ற தாய்மார்களுக்கு, உள்ளே தடவும் ஈஸ்ட்ரோஜன் களிம்பு நல்ல பலன் தருகிறது. சிலருக்குக் குறைந்த அளவு மருந்தைச் சில மாதங்கள் தொடர்ந்து கொடுக்க நேரும். நீரிழிவு உண்டா, சிறுநீர்ப்பாதையில் கல் உண்டா என்பதையும் பார்த்துவிட வேண்டும்.

சிலரிடம் தனிக் கவனம் வேண்டும். கருவுற்ற பெண்களுக்கு எரிச்சல் எதுவும் இல்லாவிடினும், சிறுநீரில் கிருமி தென்பட்டால் மருத்துவம் செய்தேயாக வேண்டும். இல்லையேல் தாய்க்கும் சேய்க்கும் கேடு. மற்றபடி, எத்தொல்லையும் இல்லாத முதியவர்களுக்குப் பரிசோதனையில் கிருமி தெரிந்தது என்பதற்காக மட்டும் மருந்து கொடுக்கத் தேவையில்லை. காரணம் புலப்படாத காய்ச்சல் குழந்தைக்கு வந்தால் சிறுநீரைச் சோதியுங்கள். ஆண்களுக்கு இந்நோய் வந்தால், புராஸ்டேட் சுரப்பியின் வீக்கமோ வேறு அடைப்போ உண்டா என்று ஆராய வேண்டும்.

குளிர்காய்ச்சல், விலாப்பக்க வலி, வாந்தி, சிறுநீரில் இரத்தம் ஆகியவற்றுள் ஒன்று கண்டாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். மறுநாள் வரை பொறுத்திருக்க வேண்டா. வலிக்கென்று தாமாக வலி மாத்திரைகளைத் தொடர்ந்து விழுங்குவது, தளர்ந்த சிறுநீரகத்துக்கு மேலும் சுமையாகும்.

இறுதியாக, குடும்பத் தலைவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் மனைவியோ மகளோ தண்ணீர் குடிக்கத் தயங்கினால், ஏனென்று பரிவோடு கேளுங்கள். பயணத்தில் நிறுத்தச் சொல்ல அவர்கள் கூச வேண்டாதபடி நீங்களே முந்திக்கொண்டு நிறுத்தச் சொல்லுங்கள். பள்ளி நடத்துவோரும் ஆசிரியைகளுக்கும் மாணவியருக்கும் தண்ணீர் வசதியுள்ள தூய கழிவறை அமைத்துத் தருவார்களாக. நம் ஆசிரியையின் கணவர், மனைவியின் கட்டிலருகே அமர்ந்து, "என்னிடம் சொல்லியிருக்கக் கூடாதா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியை அவர் ஓராண்டுக்கு முன்பே கேட்டிருக்கலாம். உங்கள் வீட்டில் இன்றே கேளுங்கள்.